எட்டாயிரம் மணித்தியாலம்

பெட்டியில் எழுதியிருந்தது
எட்டாயிரம் மணித்தியாலம் என்று.
நாளுக்கு ஐந்து மணி எரித்தால்
நாலு வருசத்துக்கும் மேல்.
நான் இருந்த வீடுகளில் எதுவும்
நாலு வருசம் நின்றதில்லை,
வீடு உட்பட.

தருமபுரம் சந்தியில்
அரியரத்தினம் பில்லில் திகதியிட்டு
முத்திரை குத்தினான்.
'ரெண்டு வருசம் கரண்டி அக்கா,
பெட்டியை மட்டும் எறிஞ்சு போடாதேங்கோ.'

என்னிடமா சொல்கிறாய்?
கழுத்தளவு தண்ணியில் கடலேரியைக் கடந்தபோது
தலைக்கு மேலே பிடித்திருந்த பொலித்தீன் பை
இன்னும் என்னிடம் இருக்கிறது.
குடும்ப அட்டை, பிறப்புப் பத்திரம்,
கிடைத்த ஒரேயொரு மரணப் பத்திரம்.
அவற்றுக்கு நடுவே மடித்து வைத்தேன்
மின்குமிழின் பெட்டியை.

சுவிச்சைத் தட்டினால் உடனே எரியாது.
ஒரு கணம் யோசிக்கும்.
நோயாளி எழும்புவதுபோல வெளிறி,
பிறகுதான் வெள்ளையாகும்.
அரிசி ஆலை தொடங்கும் நேரம் கண் சிமிட்டும்.
விடிய நாலரைக்கு வான் வரும்;
அந்த வெளிச்சத்தில்தான்
சப்பாத்துக் கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டி
முகமாலைக்குப் போவேன்,
கண்ணிவெடி எடுக்க.

ஏழாம் மாதம்
பிளாஸ்ரிக் கருகும் மணம்.
அடிப்பாகம் தேநீர் நிறம்.
சுவிச்சை நிற்பாட்டி, கதிரையில் ஏறிக்
கழற்றும்போது சூடு விரலைச் சுட்டது.
விட்டுவிட்டேன்.

பட்.

சின்னச் சத்தம்தான்.
முற்றத்தில் தவமலர் அரிவாளை நிறுத்தினாள்.
சின்னவன் என் முகத்தைப் பார்த்தான்.
'வெளிய போ' என்றேன்,
களத்தில் விசில் ஊதிய பிறகு வருமே, அந்தக் குரலில்.

பையைத் திறந்து பெட்டியை எடுத்தேன்.
மூன்று மொழியில் எச்சரிக்கை.
தமிழில் மட்டும் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்திருந்தன.
உடைநதால சனனலைத திறககவும.
உளளே பாதரசம.

வாசலில் நின்று கேட்டான்:
'ரசமா அம்மா? சோத்துக்கு விடுறதோ?'

யன்னலைத் திறந்தேன். கால் மணி நேரம்
எல்லோரும் வேப்பமரத்தடியில்.
பிறகு முழங்காலில் இறங்கினேன்.
தும்புத்தடி தொடக்கூடாது.
தடித்த மட்டையால் துண்டுகளைத் தள்ளி,
ரேப்பால் தூளை ஒற்றி ஒற்றி,
வலமிருந்து இடமாக
ஒரு சாண், இன்னொரு சாண்.
ரோச்சைச் சாய்த்துப் பிடித்தால்
சீமெந்தில் ஏதும் மின்னவில்லை.
எதைத் தேடினேன்,
பாதரசத்தையா,
அந்தப் பெட்டியிலிருந்து விழுந்த புள்ளிகளையா?

'ஒரு பல்ப் உடைஞ்சதுக்கோ இவ்வளவு?'
சிரித்தாள் தவமலர்.
களத்தில் நான் முடித்த இடத்தைச்
சுபோதினி வந்து மறுபடி சோதிப்பாள்.
இந்த அறையைச் சோதிக்க
வெறுங்காலோடு ஓடும் ஒருவன்தான் இருக்கிறான்.

மறுநாள் கடைக்குப் போனேன்.
பெட்டி, பில், கருகிய அடிப்பாகம்.
'உடைஞ்சதுக்குக் கரண்டி இல்லை அக்கா,
எரிஞ்சு போனால் மட்டும்தான்.'
முதலில் கருகியது, பிறகுதான் உடைந்தது.
'அதுக்கு என்ன சாட்சி?'

இதே கேள்வியைக்
கதிரை போட்டிருந்த எத்தனை பேர்
என்னிடம் கேட்டிருப்பார்கள்.
பதில் சொல்லவில்லை. அடிப்பாகத்தை
அவன் மூக்கருகே நீட்டினேன்.
மணந்தான்.
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

எல்ஈடி ஒன்றை எடுத்து வைத்தான்,
நூறு ரூபா மட்டும் கூட வாங்கி.
'இதில ரசம் இல்லை.
இருபத்தையாயிரம் மணித்தியாலம்.'
திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தேன்.
பதின்மூன்று வருசம் தாண்டும்.
சின்னவனுக்கு அப்போது இருபத்திரண்டு நடக்கும்.
இவ்வளவு நீளமான கணக்கை
நான் இதற்கு முன் போட்டதில்லை.

ஹோர்லிக்ஸ் போத்தலில் மூடிய துண்டுகளை
அரியரத்தினம் வாங்கமாட்டான்.
பிரதேச சபை உழவு இயந்திரக்காரன்
குப்பையோடு போடச் சொன்னான்.
களத்தில் எடுப்பதற்கெல்லாம் ஒரு குழி உண்டு,
ஒரு நேரம் உண்டு.
இதற்கு இல்லை.

வேலியோரம் வைத்திருக்கிறேன்,
பக்கத்தில் ஒரு தடி நட்டு,
நுனிக்குச் சிவப்பு அடித்து.